குடையின் உள்பக்கம்

பூனாவை அடுத்த போசரியில் தண்ணீர்ப் பம்புக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கிருபாவதி டிரேசராக இருந்தாள். வரைவாளர்கள் பென்சிலில் போட்டுத் தரும் படத்தின்மேல் வழுவழுப்பான இளநீலத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளைக் கறுப்பு மையால் பிசகாமல் இழுத்துத் தருவது அவள் வேலை. பத்து வருடப் பழக்கத்தில் கைக்கு அவள் தேவைப்படவில்லை. கை தன் பாட்டுக்கு வட்டமும் கோடும் போட்டுக்கொண்டிருக்கும்; அவள் அந்த இளநீலத்துக்கு அடியில் எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். மேடம் வெளியூர் போயிருக்கிறார், சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவார் என்று அவர்கள் இந்தியில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தவர். பூனாவின் ராணுவப் பகுதியான கேம்ப்பிலேயே தங்கி, அங்கேயே காலமானார். அம்மாவும் போன பிறகு, அதே இரண்டு அறை வாடகை வீட்டில் கிருபாவும் அவள் அக்கா டோரீனும் இருந்தார்கள். டோரீன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, பிறகு வருவதையே விட்டுவிட்டது.

1974ஆம் வருட மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிருபா தன் பழைய கறுப்புக் குடையை வீட்டுக்குள் விரித்துப் பார்த்தாள். துணி நைந்து, ஊசிக்கண் அளவில் ஏகப்பட்ட ஓட்டைகள். ஜன்னல் வெளிச்சம் அவற்றின் வழியே புள்ளி புள்ளியாக விழுந்தது. அடைத்துவிடலாம் என்று தண்ணீரில் குழைக்கும் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்தாள். வைத்த பிறகு அண்ணாந்து பார்த்தவளுக்கு, ஓட்டை இல்லாத இடங்கள்தான் குறையாகத் தெரிந்தன. அங்கும் புள்ளி வைத்தாள். டீ போடுவதற்காக டோரீன் தூங்கி எழுந்து வந்தபோது, குடைக்குள் ஒரு வானம் முழுதாக இருந்தது.

மறு ஞாயிறு டோரீனின் குடையில் கம்பி ஒடிந்திருந்ததால் அவள் தங்கையின் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பாதி வழியில் மழை வலுத்தது. நட்சத்திரங்கள் கரைந்து, கருநீலப் பட்டுச் சேலையின் தோளிலும் முந்தானையிலும் பால் கொட்டினாற்போல் வழிந்தன. ஆராதனை முடியும்வரை அவள் கடைசி வரிசையில் முந்தானையை மடக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சேலையைக் கட்டிலின்மேல் விரித்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் கிருபா வாய் திறந்தாள். ஆனால் அந்தக் கறைகளில் ஒன்று கொக்கு பறப்பதுபோல அழகாக இருக்கிறது என்று அவள் வாயில் வந்துவிட்டது.

“ஏட்டி, ஒனக்கு எப்பத்தான் தரையில கால் பாவும்?” என்றாள் டோரீன். அதன் பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

சிவாஜி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜலீல் குடைக்கடை வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். மழை நான்கு மாதம் குடை. மற்ற எட்டு மாதம் ஸ்டவ், பூட்டு, டிரங்குப் பெட்டி ரிப்பேர். துணி மாற்றுவதற்காக கிருபா அந்தக் குடையை அவரிடம் கொண்டுபோனாள். விரித்துப் பார்த்த ஜலீல், பாதி கரைந்த வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். வேறு வேலையாக வந்து காத்திருந்த ஒரு தபால்காரரும் அவர் பக்கத்தில் வந்து குடைக்குள் தலையை நீட்டினார். சந்தில் நல்ல மழை.

“இத வரைஞ்சது யாரு?” என்று கேட்டார் ஜலீல்.

“நான்தான் அண்ணாச்சி. கரைஞ்சிட்டு.”

“கரையாம வரைய ஒரு வழி கண்டுபிடிங்க, தங்கச்சி. ரெண்டு புதுக் குடை தாரேன். வித்துப் பாப்போம்.”

வழி போசரியிலேயே இருந்தது. கம்பெனிக்கு இரண்டு ஷெட் தள்ளி, மாவுப் பைகளுக்குப் படம் அச்சடிக்கும் இடம் ஒன்று. கோதுமைக் கதிரும் காளை மாடும் போட்ட அந்தத் துணிப் பைகளை எத்தனை தடவை துவைத்தாலும் மாடு போகாது என்று கிருபாவுக்குத் தெரியும். டோரீன் அதில்தான் சமையலறைத் துடைப்புத் துணி தைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டாள். மேஸ்திரி ஒரு டால்டா டப்பாவில் பசைபோன்ற சாயத்தை ஊற்றிக் கொடுத்து, காய்ந்தபின் நல்ல சூட்டில் இஸ்திரி போடவேண்டும், அதுதான் சூட்சுமம் என்றார். குடையோடு சேர்த்து இஸ்திரி போட முடியாது. ஆகவே ஜலீல் கம்பியிலிருந்து தையலை வெட்டித் துணியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். கிருபா அதை மேசையில் பரப்பி வரைந்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் மறுபடி கம்பியில் தைத்தார். குழாயடியில் வைத்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு நட்சத்திரம்கூட நகரவில்லை.

அந்த வருடம் பதினேழு குடை விற்றுப்போயிற்று. வெளியே பார்த்தால் எல்லாரும் பிடிப்பதைப் போன்ற சாதாரணக் கறுப்புக் குடை. பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு மட்டும் மேலே வானம். விசேஷமே அதுதான் என்று ஜலீல் வாங்க வருபவர்களிடம் சொல்வார்.

பதினெட்டாவது குடைக்கும் நட்சத்திரம் வைக்க கிருபாவுக்கு மனம் வரவில்லை. வாங்க வந்தவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மழையில் நடக்கும்போது தலைக்குமேல் என்ன இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவரிடமே கேட்டாள். அவர் இப்படி ஒரு கேள்வியை வாழ்நாளில் சந்தித்ததில்லை. கடை வாசலில் பத்து நிமிஷம் நின்று யோசித்துவிட்டு, வெயில் என்றார். கிருபா வேப்பிலைகளுக்கு இடையே வெயில் சல்லடையாக விழுவதை வரைந்து கொடுத்தாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆளுக்கொரு குடை, ஒவ்வொருவரிடமும் கேட்டு. சதாசிவ் பேட்டிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா கொய்யாக் கிளையில் கிளிகள் கேட்டார். ஓய்வுபெற்ற பேண்டு வாத்தியக்காரர் ஒருவர், டிரம்பெட்டுகளின் வாய்களை அடியிலிருந்து பார்ப்பதுபோல் கேட்டார். ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்து அவள் முகத்தை வரையச் சொன்ன இளைஞனிடம், கேட்காமல் முகம் வரைவது முறையில்லை என்று மறுத்து, அவள் வீட்டு மாடி ஜன்னலை வரைந்து கொடுத்தாள். மறுவருடம் அந்த இரண்டு பேருமே கல்யாணமாகி, ஒரே குடையில் கடைக்கு வந்து நின்றார்கள்.

கேட்டதை அவள் உடனே வரையமாட்டாள். மனதுக்குள் போட்டுவைத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள், வருவாள், சமைப்பாள். நாலைந்து நாள் கழித்து விடியற்காலைத் தூக்கத்தில் அது தானாக மேலே மிதந்து வரும். கண் விழித்ததும் அப்படியே அசையாமல் படுத்துக்கொண்டு கூரையில் அதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அது வராத நாளில் தூரிகையைத் தொடமாட்டாள்.

இப்படி நான்கு வருடம் ஓடியது. 1978 ஜூனில், ஒரு சர்க்கஸ்காரர் யானையின் வயிறு கேட்டிருந்தார். அந்த வாரத்தில்தான் கிருபா ஒரு தகட்டுப் படத்தில் துளை ஒன்றைப் போட மறந்தாள். அவள் இழுத்த படத்தைப் பார்த்து நாற்பது தகடுகள் துளையில்லாமல் வார்ப்படமாகி வந்தன. தலைமை வரைவாளர் சந்திரமௌலி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி பிசகாதவளுக்கு அன்று என்ன ஆயிற்று என்று கேட்டார். யானையைக் கீழேயிருந்து பார்த்தால் வயிறு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததாக அவள் உள்ளதைச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. குடை விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“மேல நான் சமாளிச்சுக்கறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது. ஆனா இனிமே உன் படம் எதையும் ரெண்டு தடவை பார்க்காம என்னால அனுப்ப முடியாதும்மா” என்றார்.

திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனாள். டோரீன் கேட்டுவிட்டு எழுந்தாள். நடு அறையில் கிடந்த சாப்பாட்டு மேசையை இழுத்து வெளிச்சம் விழும் ஜன்னலடியில் போட்டாள்.

“இனி நான் மடியில தட்டு வச்சுச் சாப்பிட்டுக்கிடுதேன்” என்றாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த விவாதம்.

சம்பளம் இல்லாத முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. மழை இல்லாத மாதங்களில் தலையணை உறை, வெயிலுக்குப் பிடிக்கும் சின்னக் குடை, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை என்று எது வந்தாலும் வரைந்தாள். ஆனால் காலையில் ஆறரை மணி போசரி பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியதில்லை. ஜன்னலில் வெயில் ஏறுவதையும் இறங்குவதையும் அவள் அந்த வருடம்தான் முழுதாகப் பார்த்தாள். துணியில் சாயம் காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதைச் சோம்பல் என்று சொல்ல யாருமில்லை. காய்கிற நேரமும் வேலை நேரம்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது.

1982இல் பம்பாய் வியாபாரி ஒருவர் ஜலீல் கடைக்கு வந்தார். டீச்சரம்மாவின் கிளிக் குடையை எங்கோ பார்த்திருக்கிறார். அதே கொய்யாக் கிளை, அதே கிளிகள், அப்படியே அறுநூறு குடை மே மாதத்துக்குள் வேண்டும் என்றார். ஜலீலுக்கு அன்று தரையில் கால் நிற்கவில்லை. இருபது வருடமாக ஸ்டவ் கரியில் கை கறுத்த மனிதர். வருடம் முழுதும் குடை மட்டுமே விற்கிற கடை என்பது அவர் வெளியே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை. கிருபாவும் அதை நினைத்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

முதல் பத்துக் குடை சுகமாகப் போயிற்று. இருபதில் முதுகு வலித்தது. நாற்பத்தொன்றாவது குடையை வரைந்துகொண்டிருந்தபோது, தெருவில் பால்காரர் யாருடனோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தால் கிளிகள் வரைந்து முடிந்திருந்தன. அலகு சரி, கண் சரி, வால் சரி. எந்தக் குறையும் இல்லை. அவள் அங்கே இல்லாமலே அது நடந்திருந்தது. போசரி மேசையில் இருந்ததுபோலவே கை மட்டும் வேலைக்கு வந்து போயிருக்கிறது. யோசித்துப் பார்த்தாள்: கிளி வரையத் தொடங்கிய ஐந்து வாரமாக விடியற்காலையில் எதுவுமே மேலே மிதந்து வரவில்லை. கூரை வெறும் கூரையாக இருந்தது.

நாற்பத்தொரு துணிகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இதற்குமேல் தன்னால் முடியாது என்று சொன்னாள். ஜலீல் முதலில் கை வலியோ என்று நினைத்தார். பிறகு ஆள் வைத்துத் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒரு கிளி பறந்தா அழகு. அறுநூறு கிளி பறந்தா அழகு இல்லையா, தங்கச்சி? இது என்ன நியாயம்?”

“அழகுதான் அண்ணாச்சி. என் கையில இருந்து வேண்டாம்.”

“அப்ப என் சொல்லுக்கு என்ன மரியாத? அவருக்கு வாக்குக் குடுத்தவன் நான்லா.”

கிருபா துணிகளை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஜலீல் அவள் வரைந்த ஒரு துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போசரி மாவுப் பை மேஸ்திரியிடம் போனார். கிளிகள் அச்சடிக்கும் திரைச் சட்டத்தில் ஏறின. மே மாதத்துக்குள் அறுநூறும் பம்பாய் போய்ச் சேர்ந்தன; அதற்குமேல் அச்சடித்தவை பூனாவிலேயே விற்றன. அவர் வாக்குத் தவறவில்லை. கிருபாவுக்கு அதில் ஒரு வருத்தம், பெயர் சொல்ல முடியாத வருத்தம். தன் வீட்டுப் பிள்ளையை யாரோ பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனதுபோல. அந்த மழைக்காலம் முழுதும் அவள் அந்தச் சந்துக்குள் கால் வைக்கவில்லை. துணி கழற்றவும் தைக்கவும் தானே கற்றுக்கொண்டாள். விரலெல்லாம் ஊசி குத்தியது. தைத்த குடைகளில் இரண்டு, காற்றில் பிய்ந்துகொண்டு திரும்பி வந்தன. வாடிக்கைக்காரர்களும் குறைந்துபோனார்கள்.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு காலை, ஜலீலின் மனைவி சுலைஹா வீட்டுக்கு வந்தார். கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பாதிக்குப் பாதி இந்தி விரவியிருக்கும். மழை என்று சொல்லமாட்டார், பாரிஷ் என்பார். ஒன்பது வருடத்தில் கிருபாவோடு அவர் பேசியது மொத்தமாக நூறு வார்த்தை இருக்காது. டோரீன் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அவுகட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சண்ட சமாதானம் பேச வரல” என்றார். பிறகு, “எல்லார்கிட்டயும் கேப்பியாமே, பாரிஷ்ல மேல என்ன பாக்கணும்னு. எங்கிட்ட யாரும் கேக்கல.”

கிருபா தூரிகையைக் கீழே வைத்தாள். “கேக்குதேன் மைனி. ஒங்களுக்கு என்ன பாக்கணும்?”

“தண்ணிக்கு அடியில இருந்து பாக்கணும். மேல தண்ணி இருக்கணும். நான் நனையக் கூடாது.”

வருடாவருடம் பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு கடக்வாஸ்லா அணைக்குப் போவார்கள் என்று அவர் சொன்னார். ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போடுவார்கள். அவர் கரையில் உட்கார்ந்து சாப்பாட்டு அடுக்கையும் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். தண்ணீருக்குள் மூழ்கி எழுந்து சிரிக்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் உள்ளே அப்படி எதைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியவே இல்லை.

கிருபா நாலைந்து நாள் காத்திருந்தாள். விடியற்காலையில் நீலமாக ஏதோ வந்தது. ஆனால் அது காலண்டர் நீலம், யாரோ எப்போதோ வரைந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து அவளும் எதையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளே சுலைஹாவைத் தேடிப்போய், பெருநாள் வரை காத்திருக்கவேண்டாம், நாம் இரண்டு பேருமாகப் போய்வருவோம் என்று கூப்பிட்டாள். சுலைஹா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஸ்வார்கேட்டில் கடக்வாஸ்லா பஸ் ஏறினார்கள். கூரை ஒழுகியது. மூன்று வரிசை முன்னால் ஒரு பெண், பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து மடியிலிருந்த குழந்தைக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தபோது கிருபாவுக்கு அதன் உள்பக்கம் தெரிந்தது. அச்சடித்த கிளிகள். குழந்தை மராத்தியில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தது. எட்டு வரும்போது தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அம்மா பொறுமையாக விரல் காட்டுவாள். அணைக்கட்டு வரும்வரை கிருபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் குழந்தையின் விரலுக்குக் கீழே லேசாகிக்கொண்டே வந்தது. அது நிஜமான கோபம்கூட இல்லை என்று தோன்றியது.

வார நாள். மழை தூறிக்கொண்டிருந்ததால் கரையில் கூட்டமில்லை. தூரத்தில் ஒரு தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வாட்டும் புகை மட்டும் தண்ணீரின்மேல் படுத்துக்கொண்டு நகர்ந்தது. எதிர்க்கரை மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. எது தண்ணீர், எது வானம் என்று கோடு கிழித்துச் சொல்ல முடியவில்லை. ஆழமில்லாத ஓர் ஓரத்தைத் தேடி இருவரும் கொஞ்சதூரம் நடந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் கிருபா சேலையோடு இறங்கினாள். சுலைஹா கரைக்கல்லில் உட்கார்ந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டார். கிருபா மூச்சை இழுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, முகம் முழுதும் தண்ணீருக்கு அடியில் போகும்படி அமிழ்ந்து கண்ணைத் திறந்தாள்.

நீலம் எங்குமே இல்லை. பால் கம்மியாக ஊற்றிய டீயின் நிறம். அதற்குமேல், கைக்கு எட்டும் தூரத்தில், வெள்ளித் தகடுபோல ஒரு கூரை அசைந்துகொண்டிருந்தது. அதில் மழை விழுந்தது. ஒவ்வொரு துளியும் கூரையைச் சின்ன விரல் வைத்து அழுத்தினாற்போல் உள்ளே குழித்து, குழியின் நுனியில் ஒரு மணியைத் தொங்கவிட்டது. மணி ஒரு கணம் நின்று உடைந்தது. ஆயிரம் குழி, ஆயிரம் மணி. பொரி வறுபடுவதுபோல் ஒரு சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, அவள் மழைக்கு அடியில் இருந்தாள், ஒரு துளியும் அவளைத் தொடவில்லை. நேரம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. வலது கையை யாரோ பலமாக இழுத்தபோதுதான் மூச்சுவிட வேண்டும் என்ற நினைவே வந்தது.

எழுந்து இருமினாள். சுலைஹாவின் முகம் வெளுத்திருந்தது.

“என்ன இருந்துச்சு?” என்றார்.

“சொல்ல வரல மைனி. நீங்களே பாருங்க.”

சுலைஹா கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். புர்காவைக் கழற்றி ஒழுங்காக மடித்து, விரித்துவைத்த குடைக்கு அடியில் வைத்தார். செருப்பையும் வைத்தார். அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொள்ள கரையில் அன்று யாருமில்லை. கிருபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அமிழ்ந்தார். உள்ளே போய்த் திறந்திருக்கவேண்டும். பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்வதை கிருபா உணர்ந்தாள். மூன்று தடவை எழுந்து மூன்று தடவை மூழ்கினார். நாலாவது தடவை எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் இருவரும் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு மக்காச்சோளம் தின்றார்கள்.

அந்தத் துணியை வரைய கிருபாவுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. தவிட்டு நிறத்தில் பதினாறு வகை கலக்கிப் பார்த்தாள். வெள்ளியைக் கடைசி நாள்தான் வைத்தாள். வரைந்த ஒவ்வொரு மணிக்கும் அவள் அங்கே இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த டோரீன் குடைத்துணியைப் பார்த்துவிட்டு, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுவிட்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடுவதற்கு நேரமாகிவிட்டது.

இதை மட்டும் தன் தையலில் கெடுக்க கிருபாவுக்கு மனமில்லை. இஸ்திரி போட்டு, ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. ஜலீல் வாங்க என்றார். துணியை முழங்கால்மேல் பரப்பினார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நூல் டப்பாவைக் கிளறினார். கறுப்பு நூல் படத்தில் தனியாகத் தெரியும் என்று சொல்லி, தவிட்டு நிற நூலைத் தேடி எடுத்துத் தைக்கத் தொடங்கினார். பொன்னைத் தைப்பதுபோல் அவ்வளவு நிதானமாகத் தைத்தார்.

சாயங்காலம் மழை பிடித்தது. சுலைஹா வந்து குடையை வாங்கி, கடை வாசலில் விரித்து, தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். சந்தில் இறங்கி நடந்தார். முக்கு திரும்பி மறைந்தார்.

ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். ஜலீல் பக்கத்துக் கடையில் டீ சொன்னார். டீ தீர்ந்தது. ஆள் வரவில்லை.

“கிளி என் கையில இருக்கட்டும், தங்கச்சி” என்றார் ஜலீல், தெருவைப் பார்த்தபடி. “அது அச்சுக்குன்னே பொறந்தது. மத்ததெல்லாம் ஒங்க கையில. ரெண்டும் ஒரே கடையில தொங்கட்டும். நீங்க என்ன சொல்லுதிய?”

தன்னைக் கேட்காமல் வேறெந்தப் படமும் அச்சுக்குப் போகக் கூடாது என்றாள் கிருபா. அது நியாயம்தான் என்றார் அவர். அன்று வாய்ப்பேச்சில் முடிவானதுதான் கடைசிவரை நிலைத்தது. அச்சுக் குடைகளின் வரும்படியில் 1985இல் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்தார்கள். ஸ்டவ் ரிப்பேர் நின்றது. கிருபாவுக்குக் கடையின் மாடியில் வடக்கு வெளிச்சம் வரும் ஓர் அறை கிடைத்தது. பெண்கள் வந்தால் என்ன வரையவேண்டும் என்று கேட்பதற்கு சுலைஹாவே உட்காரத் தொடங்கினார். அவரிடம் அவர்கள் சொன்னவை கிருபாவிடம் யாரும் சொல்லாதவை. வருடத்துக்கு நூறு குடைக்குமேல் கிருபா வரையவில்லை. அதற்குமேல் வந்தவர்கள் அடுத்த மழைக்குக் காத்திருந்தார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஜலீல் இரண்டு தடவை எழுந்து முக்குவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கழித்து, மழை குறையும் நேரத்தில், சுலைஹா மெதுவாக நடந்து வந்தார். செருப்பெல்லாம் சேறு.

“எங்க போன?” என்றார் ஜலீல்.

“எங்கயும் போகல. ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன்.”

குடையை மடக்காமல் அப்படியே கடைக்குள் கொண்டுவந்து, காய்வதற்காகத் தரையில் கவிழ்த்துவைத்தார். அந்தச் சின்னக் கடையில் அதற்கே இடம் சரியாக இருந்தது. வந்த வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடை சாத்தும்வரை அதை மடக்க மூன்று பேரில் யாருக்கும் தோன்றவில்லை.